கேம் நடுவே திரை இருண்டு ‘நோ சிக்னல்’ வருகிறதா? டெல்டா வீடுகளில் எழும் கேள்விகளும் பதில்களும்

கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்துவிடுகிறது. பாட்டுக் கேட்டால், படம் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. கேமைத் திறந்தால்தான் பத்து நிமிடத்திலோ ஒரு மணி நேரத்திலோ போய்விடுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கமிருந்து இதைக் கேட்பவர்கள் பலர் ‘கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது’ என்ற முடிவோடுதான் வருகிறார்கள். சிபியுவுக்குள் விலை அதிகமான பொருள் அதுதான். அதனாலேயே அதைக் கடைசியாகச் சந்தேகப்படச் சொல்கிறேன். நம் ஊர்க் கரண்டும், அறுவடைத் தூசியும், கடற்கரை உப்புக் காற்றும் கார்டு பழுதானால் என்ன ஆகுமோ அதையேதான் காட்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

திரை போன அந்த நொடியில் வேறு எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பவர் பட்டனை உடனே அழுத்திவிட வேண்டாம். அரை நிமிடம் பொறுத்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் காது கொடுங்கள். ஹெட்போனில் கேமின் சத்தம் ஒழுங்காக ஓடுகிறதா, ஒரே ஒலியில் சிக்கி ‘ர்ர்ர்’ என்று இழுக்கிறதா, அடியோடு நின்றுவிட்டதா? இதை மானிட்டரின் ஸ்பீக்கரில் பார்க்கக் கூடாது. அந்தச் சத்தமும் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே வருவதால் படத்தோடு சேர்ந்து அதுவும் போய்விடும். மதர்போர்டின் பின்னாலுள்ள துளையில் செருகிய ஹெட்போன்தான் நம்பகமான சாட்சி. அப்புறம் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

சத்தமும் விளக்கும் இருந்தால் கேபிள், மானிட்டர், டிரைவர் இவற்றைப் பாருங்கள். சத்தம் சிக்கி, கேப்ஸ் லாக்கும் அசையாவிட்டால் கார்டோ ராமோ பிராசஸரோ மொத்தமாக உறைந்திருக்கிறது. திரை கறுத்து, கார்டின் ஃபேன்கள் மட்டும் ஓவென்று முழு வேகத்தில் சுற்றினால், கார்டு தன் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. வெப்பம் எல்லை மீறியதோ, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (வீட்டுக் கரண்ட்டை மாற்றிக் கணினிக்குத் தரும் பெட்டி) 12 வோல்ட் ஒழுங்காக வராததோ காரணமாக இருக்கலாம். சிபியு முழுதும் அணைந்துவிட்டால் பிரச்சினை மின்சாரத்தில். அதிலும், எஸ்எம்பிஎஸ்ஸின் பின் ஸ்விட்சை அணைத்துச் சற்று நேரம் விட்டுப் போட்டால்தான் மறுபடி ஆன் ஆகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது என்று பொருள்.

சத்தம் கேட்கிறது, படம் மட்டும் இல்லை. என்ன செய்யலாம்?

விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தபடி ‘பி’ (B) எழுத்தை அழுத்துங்கள். கார்டை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். படம் திரும்பி வந்தால், தடுக்கி விழுந்தது டிரைவர். கார்டு ஏதாவது ஒரு வேலையில் சிக்கி 2 விநாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் தானாகவே டிரைவரை மீட்டெடுக்கப் பார்க்கும். அந்த முயற்சி தோற்கும்போதுதான் திரை கறுத்தே நிற்கிறது. அந்த 2 விநாடியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியல்) 10 ஆக்கிவிடு என்று யாராவது சொல்வார்கள். சிக்கிய கார்டு இன்னும் எட்டு விநாடி சிக்கியே கிடக்கும், அவ்வளவுதான்.

படம் வராவிட்டால் மானிட்டரின் பவர் பட்டனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். அதில் சரியானால் கேபிள் பற்றிய கேள்விக்குப் போய்விடலாம்.

ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) ‘கெர்னல் பவர் 41’ என்று இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் போச்சா?

அப்படி முடிவு கட்ட முடியாது. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் கணினி நின்றது என்பதைத்தான் 41 சொல்கிறது. நீங்களே பவர் பட்டனைப் பிடித்து அணைத்திருந்தாலும் அது பதிவாகும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘டிஸ்ப்ளே’ என்ற பெயரில் 4101 இருந்தால் டிரைவர் நின்று மீண்டிருக்கிறது. விண்டோஸிலேயே உள்ள ரிலையபிலிட்டி மானிட்டரில் ‘லைவ் கெர்னல் ஈவென்ட் 141’ இருந்தால் கார்டு பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. முன்னால் ஒன்றுமே இல்லாமல் 41 மட்டும் நின்றால் கரண்ட் பக்கம் திரும்புங்கள்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும், ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியதும் திரை போய்விடுகிறது. இது தற்செயலா?

தற்செயல் இல்லை. இதைக் கவனித்துச் சொல்பவர்கள் பாதி வேலையை முடித்துவிட்டார்கள்.

மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில், வழக்கமாக எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். வீட்டு வயரிங் மெல்லியதாகவோ, எங்காவது முனை தளர்ந்தோ இருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் சரியும். டெல்டாவில் இது வீட்டோடு நிற்பதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் குறுவைக்கு நாற்று விடுகிற வீடுகளில் போர் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதே டிரான்ஸ்ஃபார்மரில்தான் தெரு வீடுகளின் ஏசியும் ஃபேனும். மே மாத இரவில் டியூப்லைட் எரியத் திணறுகிற தெருவில், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட நிறையவே குறைந்து வரும். எஸ்எம்பிஎஸ் தன் வேலையை விடாது. வோல்டேஜ் குறைந்த அளவுக்குக் கரண்ட்டைக் கூடுதலாக இழுத்து ஈடுகட்டும். நீங்கள் சும்மா இருக்கும்போது அதற்குச் சிரமம் இல்லை. கேமில் கார்டு முழு வேகத்தில் ஓடும்போதுதான் மூச்சு முட்டுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. மோட்டாரோ பழைய சோக் வைத்த டியூப்லைட்டோ போடும்போது திரை இரண்டு மூன்று விநாடி கறுத்துத் தானே திரும்பினால், சத்தமும் நிற்காமல் இருந்தால், வோல்டேஜ் சரிவைவிட மின்காந்தக் குறுக்கீட்டுக்கே வாய்ப்பு அதிகம். ஸ்விட்சில் எழும் தீப்பொறி, கவசம் சரியில்லாத வீடியோ கேபிளுக்குள் புகுந்து சிக்னலைக் குலைக்கிறது. கேஸ் லிஃப்ட் வைத்த நாற்காலியிலிருந்து எழும்போதுகூட மானிட்டர் கறுப்பதுண்டு. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கணினித் துறையில் நன்கு அறியப்பட்ட விஷயம். மருந்து ஒன்றுதான்: நீளம் குறைந்த, தரமான கேபிள். கூடவே சரியான எர்த்.

எது என்று பிரித்தறிய மானிட்டரும் சிபியுவும் எந்தப் பிளக்கில் இருக்கின்றன என்று பாருங்கள். சிபியு மட்டும் யுபிஎஸ்ஸில் இருந்து, மானிட்டர் நேராகச் சுவர் பிளக்கில் இருந்தால், வோல்டேஜ் சரியும்போது மானிட்டர் மட்டும் அணைந்து எரியும். கணினியில் பழுதே இருக்காது.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். கேம் ஓடும்போதும், மோட்டார் போடும் நொடியிலும் அளக்க வேண்டும். காலையில் வந்து அளந்துவிட்டு ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று போனால் பயனில்லை. தெருவுக்கே லோ வோல்டேஜ் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987ல் புகார் பதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஓர் அறையில் விளக்கு மங்கும்போது இன்னோர் அறையில் கூடுதலாகப் பிரகாசித்தால், நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வரவேண்டிய பிளக்கில் 400 வோல்ட் வரைகூட ஏறும். கணினி மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லாமே கருகிவிடும். மெயினை உடனே அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். அதேபோல, ஒரு ஃபேஸில் வோல்டேஜ் குறைந்தால் ஃபேஸ் மாற்றும் ஸ்விட்சைத் திருப்புவது நம் கிராமங்களில் வழக்கம். திருப்புவதற்கு முன் கணினியை அணைக்கச் சொல்லிவிட்டுத் திருப்புங்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதிலேயே கேமிங் கணினி ஓடலாமா?

ஓடலாம், மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால்.

ஒன்று, அது லைன் கரண்ட்டைப் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் பவர் ஃபாக்டரைச் சரிசெய்யும் சுற்று உண்டு, அதற்கு அந்த அலைவடிவம் ஒத்துவராது. இரைச்சல் போடும், சிலது அணைந்துவிடும்.

இரண்டு, பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்ச். பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ்’, ‘நார்மல்’ என்று இரண்டு நிலைகள் இருக்கும். கரண்ட் போகும்போது பேட்டரிக்கு மாற யுபிஎஸ் நிலையில் 10 மில்லி விநாடி அளவே ஆகும். நார்மல் நிலையில் அதைவிடப் பல மடங்கு ஆகலாம். எஸ்எம்பிஎஸ் தன் கைவசமுள்ள மின்சாரத்தில் தாக்குப்பிடிப்பது 16 மில்லி விநாடி அளவுதான். நார்மலில் கிடந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் கணினி ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றினாலும் ஒன்று கவனிக்க வேண்டும்: வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே போனாலே அது பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் தெருவில் இரவெல்லாம் ‘டக் டக்’ என்று மாறி மாறி, பேட்டரியும் காலியாகிவிடும்.

மூன்று, சுமை. கடையில் சகஜமாகத் தருகிற 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் எடுக்கும். பிராசஸர், மானிட்டர், மற்றவை எல்லாம் சேர்ந்தால் அந்த யுபிஎஸ் விளிம்பில் நிற்கிறது. கேமில் பெரிய வெடிப்புக் காட்சி வந்ததும் ‘பீப்’ என்று கத்தி அணைந்தால் கணினியைக் குறை சொல்ல வேண்டாம். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராக ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கரண்ட் ஒழுங்காக இருக்கிற நேரமாகப் பார்த்துச் செய்தால் போதும்.

என் எஸ்எம்பிஎஸ் 500 வாட். போதாதா?

எந்த 500 வாட் என்பதைப் பொறுத்தது. கேபினெட்டோடு சேர்த்துத் தருகிற, பிராண்டு தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 500 என்று பெரிதாக இருக்கும். 12 வோல்ட் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். அங்கே ஆம்பியர் எவ்வளவு என்று இருக்கும். அதை 12 ஆல் பெருக்கினால் கார்டுக்கும் பிராசஸருக்கும் உண்மையில் கிடைக்கிற வாட் தெரியும். 20 ஆம்பியர் என்றால் 240 வாட்தான். மீதி வாட் கேமிங்குக்கு உதவாத மற்ற வரிகளில் இருக்கிறது.

அடுத்தது, நொடிப்பொழுதுச் சுமை. கார்டு சராசரியாக எடுப்பது ஒன்று, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் துள்ளி இழுப்பது வேறு. துள்ளல் சராசரியைப் போல இரண்டு மடங்குக்குக்கூடப் போகும். இதனால்தான் எஸ்எம்பிஎஸ்களுக்கு 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இருமடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. ‘ஃபர்மார்க் ஒரு மணி நேரம் ஓடியது, கேமில்தான் போகிறது’ என்று சொல்பவர்களுக்கு விடை இங்கேதான். கார்டைச் சோதிக்கும் மென்பொருளான ஃபர்மார்க் சீராக இழுக்கும். கேமில் ஒரு கதவைத் திறந்தால் சுமை குதிக்கும், மெனுவுக்குப் போனால் விழும். அந்தக் குதிப்பில்தான் பலவீனமான எஸ்எம்பிஎஸ் அடிபடுகிறது.

கார்டுக்குப் போகும் வயரையும் பாருங்கள். மதர்போர்டு துளையிலிருந்து 75 வாட், 6 பின்னிலிருந்து 75, 8 பின்னிலிருந்து 150 என்பது கணக்கு. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே வயரின் இரட்டை முனையைச் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் கொண்டுவாருங்கள். மாற்று வயரை வேறு மாடல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துப் போடவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வரிசை மாறியிருக்கும், கார்டு கருகிவிடும். புதிய கார்டுகள் சிலவற்றில் 12 வோல்ட்டுக்கு ஒற்றை முனைதான் இருக்கும், அதைச் செருகி ‘கிளிக்’ கேட்கும் வரை அழுத்துங்கள். அரைகுறையாக நின்றால் அந்த முனை உருகலாம்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கேமில் ஃபிரேம் விநாடிக்கு 60ஐத் தாண்டாமல் கட்டுப்படுத்துங்கள். அதே கேமை ஒரு மாலை முழுக்க ஆடுங்கள். திரை போகவே இல்லை என்றால், பிரச்சினை மின்சுமையிலோ வெப்பத்திலோ இருக்கிறது. பெரும்பாலும் கார்டு தப்பித்துவிட்டது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

வெப்பம் எவ்வளவு வரை பரவாயில்லை?

வெப்பத்தைக் காட்டும் மென்பொருளான எச்டபிள்யூ இன்ஃபோவைப் பதிவு நிலையில் ஓடவிட்டு ஆடுங்கள். திரை போனாலும் கடைசி நொடி வரை எண்கள் கோப்பில் இருக்கும். என்விடியா 30 வரிசைக் கார்டுகள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 93 டிகிரி. ஏஎம்டி ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளில் ஜங்ஷன் வெப்பத்துக்கு (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 110. சராசரி வெப்பம் 75 என்று காட்டி, ஹாட் ஸ்பாட் மட்டும் 105ஐத் தொட்டால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை.

கத்திரி வெயிலில் தகரம் போட்ட மாடியறையில் மதியம் ஆடினால் கார்டுக்குக் கிடைக்கிற காற்றே சூடு. அறை வெப்பம் பத்து டிகிரி கூடினால் கார்டின் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். இருட்டிய பிறகு ஆடிப் பாருங்கள். அப்போது பிரச்சினை இல்லை என்றால் காரணம் தெரிந்துவிட்டது.

தூசிதான் இங்கே பெரிய எதிரி. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை இயந்திரம் கிளப்பும் சுணையும் வைக்கோல் துகளும் ஜன்னல் வழியாக வந்து ஹீட்சிங்கின் இடுக்கில் பாய்போல் படியும். ரைஸ் மில் பக்கத்தில் வீடு என்றால் உமிச் சாம்பல் வேறு. அறுவடை முடிந்ததும் ஒருமுறை, குறுவை அறுவடைக்குப் பின் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் வேண்டாம், அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். கையடக்க மின் புளோயரும் பெயின்ட் பிரஷும் போதும்.

நாங்கள் நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம். எங்களுக்கு வேறு ஏதாவது உண்டா?

உண்டு. வேதாரண்யம் முதல் தரங்கம்பாடி, பூம்புகார் வரை கடலோர வீடுகளில் காற்றிலுள்ள உப்பும் ஈரமும் செம்பு முனைகளைப் பச்சை பூக்க வைக்கும். முனை அரித்தால் தடை கூடும், தடை கூடினால் சுமையில் சூடாகும், சூட்டில் தொடர்பு விடும். கேமில் மட்டும் திரை போவதற்கு இது மிகப் பொருத்தமான காரணம்.

கரண்ட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டைக் கழற்றுங்கள். தங்கநிற முனைகளைச் சுத்தமான வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் கூடாது. ராமுக்கும் இதையே செய்யலாம். காய்ந்த பிறகு கொக்கி விழும் வரை அழுத்திச் செருகுங்கள். கனமான கார்டு காலப்போக்கில் கீழே தொய்ந்து துளையில் சரிவாக நிற்கும். அடியில் ஒரு தாங்கி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் கணினியை அணைத்தே வைக்காதீர்கள். இடி இல்லாத நாளில் கொஞ்ச நேரம் ஓடினால் உள்ளே ஈரம் தங்காது, எறும்பும் பல்லியும் குடியேறாது. இடி இருக்கிறது என்றால் பவர் பிளக்கோடு லேன் வயரையும் டிவி கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் ‘சுரீர்’ என்கிறது. இதற்கும் திரை போவதற்கும் தொடர்பு உண்டா?

எர்த் இல்லை என்பதற்கு அது அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் இருந்து சிறிதளவு மின்சாரம் எர்த்துக்குப் போக வேண்டும். வழியில்லாததால் கேபினெட்டில் நிற்கிறது. வீடியோ சிக்னலையும் அது தொந்தரவு செய்யும். பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. அதைச் சரிசெய்வது கேமுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகச் செய்ய வேண்டிய வேலை.

கேபிளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற அளவு) 144லிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். போவது நின்றால் கேபிளோ போர்ட்டோதான். எச்டிஎம்ஐ என்றால் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ 18 ஜிகாபிட், ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ 48 ஜிகாபிட் தாங்கும் என்று சான்று பெற்றவை. மலிவான டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் இணைக்கக் கூடாத 20ஆவது பின்னை இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் 3.3 வோல்ட் கார்டுக்குள் திரும்பிப் பாயும். மானிட்டரின் வேகத்தைக் கார்டோடு ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க், ஜிசிங்க்கையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

டிரைவரை எத்தனை முறை மாற்றுவது?

ஒருமுறை, ஆனால் சுத்தமாக. விண்டோஸின் சேஃப் மோடில், டிரைவரை நீக்கும் மென்பொருளான டிடியு கொண்டு பழையதை முழுதும் நீக்கிவிட்டு, நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கியதைப் போடுங்கள். புதிய டிரைவர் வந்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது என்றால் முந்தையதற்குத் திரும்புங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் டிரைவரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ராமோ பிராசஸரோ காரணமாக இருக்குமா?

இருக்கலாம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்), ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து ஆடிப் பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ராமைச் சந்தேகிக்கலாம். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் வோல்டேஜ் கூடிப்போய் நிலைகுலையும் கோளாறு இருந்ததை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024ல் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. உங்களுடையது அந்தத் தலைமுறை என்றால் பயாஸைப் புதுப்பியுங்கள். பயாஸ் ஏறும்போது கரண்ட் போகக் கூடாது என்பதால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

எல்லாம் செய்தாகிவிட்டது. கார்டுதான் என்று எப்போது சொல்லலாம்?

நல்ல எஸ்எம்பிஎஸ், நல்ல கேபிள், சுத்தமான டிரைவர், சரியான வோல்டேஜ் இருந்தும் உங்கள் கார்டு போகிறது. அதே கணினியில் இரவல் கார்டு போகவில்லை. உங்கள் கார்டை நண்பரின் கணினியில் போட்டால் அங்கேயும் போகிறது. அப்போது சொல்லலாம்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கப் போகிறவர்கள், ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதில் திருப்தி அடைய வேண்டாம். சுமையில் அரை மணி நேரமாவது ஓடிச் சூடேற வேண்டும். பில், சீரியல் எண், உடையாத ஸ்டிக்கர் மூன்றும் இருந்தால்தான் பெரும்பாலும் வாரண்டிக்கு வழி.

கடைக்கு எடுத்துப் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

‘திரை வரலண்ணே’ என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் டெஸ்க்டாப்பைத் திறந்து பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு தம்பி’ என்று திருப்பித் தந்துவிடுவார். எந்த கேம், எவ்வளவு நேரத்தில், சத்தம் இருந்ததா, ஃபேன் எப்படிச் சுற்றியது, வீட்டு வோல்டேஜ் எவ்வளவு, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். திரை போன நேரத்தைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், அதில் ஃபேன் சத்தமும் பதிவாகட்டும். அந்த கேமையும் கணினியிலேயே விட்டுவைத்துக் கொடுங்கள். கூடவே உங்கள் கேபிளையும் கொண்டுபோங்கள். கடையின் கேபிளில் ஓட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தால், பழுது வீட்டில் விட்டுவந்த கேபிளிலேயே இருந்திருக்கலாம்.